சாறம் தைத்த உரப்பை

கண்ணுக்கு மருந்து விட்டால் அரை நாளைக்கு உலகம் என் சொல் கேளாது. சீனி வருத்தக்காரருக்குக் கண்ணின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று வவுனியா கிளினிக்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் பெருகத் தொடங்கும். மரங்களின் ஓரம் கரையும். சைக்கிளில் போகிறவர் எங்கே முடிகிறார், சைக்கிள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே என் மனிசன் கிளிநொச்சியிலிருந்து என்னோடு வருவார். வீட்டில் நான் அவரை அதட்டுகிற சத்தம் எங்கள் குடியேற்ற யூனிற் முழுக்கக் கேட்கும். வவுனியாவில் மட்டும் அவர் இழுத்த பக்கம் போவேன்.

அப்படி ஒரு நாள் பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். மழை விட்டு வெயில் எறித்த நேரம். ஒரு புடவைக்கடையின் மேல்மாடி யன்னலில் சாம்பல் நிறத்தில் புகை தெரிந்தது. கடையில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து நின்றேன். புகை எழும்பவும் இல்லை, கலையவும் இல்லை. அதன் நடுவில் செம்பு நிறத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. அந்த வட்டங்கள் என்னைப் பார்த்தன.

“இஞ்சாருங்கோ, அங்க மேல என்ன?”

அவர் அண்ணாந்து பார்த்தார். “பூனை.”

“உந்த அளவிலயோ?”

“மயிர் கொஞ்சம் கூட. மற்றும்படி பூனைதான்.”

என் மனிசனிடம் கேட்டால் எதற்கும் இவ்வளவுதான் பதில். நான் றோட்டிலேயே நின்றேன். முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்து ஏசிவிட்டுப் போனான். பூனை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. அந்த இரண்டு விளக்கும் அணைந்து எரிந்தமாதிரி இருந்தது. இழுத்துத்தான் என்னை அங்கிருந்து கொண்டுபோனார்.

எங்கள் வீடு வாய்க்கால் ஓரம். குளத்துத் தண்ணீர் திறந்தால் இரவு பகலாக ஓடும் சத்தம் கேட்கும். ஓட்டு வீடு, சீமெந்து நிலம், இரண்டு அறை. மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகு நான்கு கதிரையில் இரண்டுதான் பாவனையில். மற்ற இரண்டிலும் காய்ந்த உடுப்பு கிடக்கும்.

பூனை எங்களுக்குப் புதிதல்ல. மூன்று வந்தன. மூன்றும் போயின. முதலாவது மனிசனின் தங்கச்சி வீட்டிலிருந்து வந்த வரிப்பூனை. அது வாய்க்கால் கட்டு வழியே நடந்து தங்கச்சி வீட்டுக்கே திரும்பிப் போய் அங்கேயே குட்டி போட்டது. இரண்டாவது தானாக வந்தது, ஒரு மாரிக்கு இருந்தது, தானாகவே போனது. மூன்றாவது கறுப்பன். பரந்தனில் ஒரு அரிசி ஆலையிலிருந்து மோட்டார் சைக்கிளில், திறந்த கூடையில் கொண்டுவந்தோம். வழி முழுக்கத் தலையை நீட்டி ஊர் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு கிழமை கூட இருக்கவில்லை. பிறகு அதே ஆலையின் மதிலில் அவன் படுத்திருந்ததை நானே கண்டேன். கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றி கெட்டவன்.

ஒவ்வொரு முறையும் மீன் தலை போட்ட தட்டோடு வாய்க்கால் கட்டில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் சனம் சிரிக்கும். எனக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டுக்கு வந்த ஏதாவது ஒன்று, போகாமல் இருக்க வேண்டும்.

அந்தப் புகை என் கனவில் வரத் தொடங்கியது. விடியப்புறத்தில், கண் முழிப்பதற்குச் சற்று முன், வயல் மேல் பனி இறங்குவதுபோல அது வரும். குசினி வாசலில் நிற்கும். காலடியில் சத்தம் இருக்காது. நான் கையை நீட்டினால் கை உள்ளே போகும், போய்க்கொண்டே இருக்கும், அடியில் எங்கோ ஒரு சின்ன உடம்பின் சூடு தட்டுப்படும். எழும்பி அவரிடம் சொன்னால், “சீனி கூடியிருக்கும், பாரும்” என்பார்.

கிளினிக் இல்லாத ஒரு நாள், தெளிந்த கண்ணோடு அந்தப் புடவைக்கடைக்குப் போனேன். அவரும் வந்தார், கேட்காமலே. கடைக்காரரின் மனைவிதான் பூனைகளின் சொந்தக்காரி. நாற்பது வயது மதிக்கலாம், முஸ்லிம் பிள்ளை, முக்காட்டில் அங்கங்கே சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது. எங்களை மேலே கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றிக் கை கழுவிய பிறகுதான் உள்ளே விட்டாள்.

யன்னலில் நான் கண்டது தாய்ப் பூனை. பேர்சியன் இனம். அதன் வயிற்றோரம் குட்டிகள் கிடந்தன. அதில் ஒன்றும் நிலத்தில் கிடக்கிற பொருளாகவே எனக்குத் தெரியவில்லை. ஊதினால் பறக்கும் போல இருந்தன.

“ஒண்டு தாறீங்களோ தங்கச்சி?” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இருங்கோ அக்கா. கதைப்பம்.”

கதைத்தாளே ஒரு கதை! வீட்டில் எத்தனை பேர். நாய் நிற்கிறதோ. கூரை ஓடோ தகரமோ. மத்தியானத்தில் வீட்டுக்குள் எவ்வளவு சூடு. நாளுக்கு ஒருக்கால் மயிர் வாரிவிட ஆர் இருக்கிறது. பயணம் போனால் ஆர் பார்ப்பது. மகளுக்குக் கலியாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நான்கூட இதில் பாதி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

அவள் சும்மா கேட்கவில்லை, தானும் ஒன்றும் மறைக்கவில்லை. தாய்க்குச் சிறுநீரக வருத்தம் இல்லை என்று கொழும்பில் பார்த்ததைச் சொன்னாள். தாய் ஒருமுறை குட்டி போட்டால் நன்றாகத் தேறும் வரைக்கும் மறுபடி இணைய விடுவதில்லை என்றாள். “சில பேர் மூக்கே இல்லாத குட்டி வேணும் எண்டு கேக்கினம் அக்கா. அதுகள் மூச்சு விட வேண்டாமே? என்ர குட்டிகளுக்கு மூக்கு இருக்கும். பிடிக்காட்டி வேற இடம் பாக்கட்டும்.” ஊசி எல்லாம் போட்டு, தாயிடம் பழக வேண்டியதைப் பழகி முடியும்வரை தரமாட்டாளாம். பூனையை வெளியில் விடக் கூடாது. யன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். எப்போதாவது வளர்க்க முடியாமல் போனால் வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது, அவளிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

“கண்டறியாத சட்டம்!” என்று படியிறங்கும்போது அவரிடம் சொன்னேன். ஆனால் என் விரலில் அந்தக் குட்டியின் மென்மை இருந்தது. சாம்பல் குட்டி, எல்லாவற்றிலும் சின்னது, என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகிப் போனது. வீடு வந்து சேரும்வரை அந்த விரலால் நான் ஒன்றையும் தொடவில்லை.

பிறகு காத்திருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் தூக்கத்தில் நடந்தமாதிரி இருக்கிறது. கடைக்காரப் பிள்ளை தொலைபேசியில் வீடியோ அனுப்புவாள். குட்டி தவ்வும், விழும், தன் வாலைக் கண்டு பயப்படும். வயலில் கதிர் பால் பிடித்த காலம். காலையில் பனிக்குள் வாய்க்கால் தெரியாது, தண்ணீரின் சத்தம் மட்டும் தெரியும். நான் அடுப்படியில் தேத்தண்ணியோடு நின்று திரும்பத் திரும்ப அதையே பார்ப்பேன். தேத்தண்ணி ஆறிவிடும். மகள் அழைத்தால் மகளிடமும் பூனைக் கதைதான். “அம்மா, நான் இஞ்ச பனியில விறைக்கிறன். அந்தக் கம்பளிப் பூனையை இஞ்ச அனுப்புங்கோ, நான் அந்த வெயிலுக்கு வாறன்” என்று பகிடி பண்ணினாள். சிரித்தேன். சிரித்து முடிந்ததும் வா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவர் யன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடித்தார். றோட்டுப் பக்க யன்னலில், உட்புறமாக, பூனை ஏறி இருப்பதற்கு ஒரு பலகை பொருத்தி உளி பிடித்து மூலையெல்லாம் உருட்டினார். “உங்களுக்கும் ஆசைதானே?” என்று கேட்டேன். “பலகை சும்மா கிடந்தது” என்றார்.

குட்டியைக் கொண்டுவருகிற நாள் வந்தது. கொண்டுவரப் பெட்டி ஒன்று வேண்டும் என்று அந்தப் பிள்ளை முன்னமே சொல்லியிருந்தாள். “அது என்ர பொறுப்பு” என்றார் இவர். ரயிலில் போனோம். அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அவரோ வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், நான் குட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். பைக்குள் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

மேல்மாடியில் அந்தப் பிள்ளை குட்டியைக் குளிப்பாட்டி, வாரி, ஊசி போட்ட அட்டையைக் கையில் தந்து, என்ன சாப்பாடு எப்படிக் கொடுப்பது என்று எல்லாம் சொல்லி முடித்தாள். “பெட்டியை எடுங்கோ அண்ணா” என்றாள். அவர் துணிப்பையைத் திறந்தார். மடித்து வைத்த உரப்பை ஒன்றை வெளியே எடுத்து, ஒருமுறை உதறி, நிலத்தில் விரித்தார். யூரியா வருகிற பை. வாயில் கட்டுவதற்குக் கயிறும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பூனையை அப்படித்தான் கொண்டுவருவார்கள். பையில் போட்டு, வாயைக் கட்டி, வழி பார்க்காமல் கொண்டுவந்து, குசினிக்குள் அவிழ்த்து விட்டு, அடுப்பைச் சுற்றிக் காட்டுவார்கள். வழியைக் கண்ட பூனை திரும்பிப் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த மேல்மாடியில், பளிங்குபோலத் துடைத்த நிலத்தில், அந்த உரப்பையைக் கண்டதும் எனக்கே அதைச் சுருட்டி ஒளிக்க வேண்டும் போல இருந்தது.

“உதென்ன அண்ணா?”

“குட்டியைக் கொண்டுபோக.”

“உதுக்குள்ளயோ?”

“ஓம் பிள்ளை. வழி தெரிஞ்சால் திரும்பி வந்திடுமெல்லே. வடிவாக் கழுவித்தான் வைச்சிருக்கிறன்.”

அந்தப் பிள்ளை குனிந்து குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனாள். அவள் முகத்தில் இருந்த நல்ல மரியாதை எல்லாம் போய்விட்டது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா. நான் தர மாட்டன்.”

“ஏன் பிள்ளை?”

“சந்தைக்குப் பின்னால போய்ப் பாருங்கோ. பூனை வேண்டாம் எண்டால் சனம் இப்பிடித்தான் பையில கட்டிக் கொண்டுவந்து எறியுது. அவிழ்க்கிறது நான். சிலது உயிரோட இருக்கும், சிலது இராது. இந்தக் குட்டியை நான் இந்தப் பையுக்குள்ள போட மாட்டன். என்னால ஏலாது.”

அவர் கயிற்றைக் கையில் சுற்றத் தொடங்கினார். நானோ, “பெட்டி எண்டு அந்தப் பிள்ளை தமிழிலதானே சொன்னவா? உங்கட மண்டைக்குள்ள என்ன, வைக்கலோ?” என்று தொடங்கினேன். அவரை ஏசி முடிந்ததும் அவளிடம் திரும்பினேன். “நீரும்தான்! இவ்வளவு காலம் வீட்டு ஓடு வரைக்கும் கேட்டு, யன்னலுக்கெல்லாம் வலை அடிக்க வைச்சு, இப்ப ஒரு பையைக் கண்டவுடன கதவை அடிக்கிறீரோ? உந்த எடுப்பு எங்களுக்கு வேண்டாம்!” அவள் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். குட்டி அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் ஏன் பார்த்தேனோ. விறுவிறென்று படி இறங்கினேன்.

ரயிலில் எதிரெதிரே இருந்தோம். ஓமந்தை தாண்டும்வரை நான் வாயை மூடவில்லை. பிறகு ஏச ஒன்றும் மிஞ்சவில்லை, அழுகைதான் வந்தது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காடும் வெளியும் வெட்டைகளும் மஞ்சள் வெளிச்சத்தில் மிதந்து போயின. அவர் கை மடியில் வெறுமனே கிடந்தது.

“பை எங்க?” என்றேன்.

“அங்கயே விட்டிட்டன்.”

“நல்லது. அவா அதையாவது வளர்க்கட்டும்.”

மாங்குளத்தில் ஆட்கள் இறங்கி ஏறினார்கள். ரயில் மறுபடி அசைந்தபோது, அவர் யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“மூண்டும் வழி பாத்துத்தான் போனதுகள். இதுவும் போனால் நீர் பிறகும் அந்தத் தட்டோட கட்டில நிண்டு கூப்பிடுவீர். அதை என்னால பாக்கேலாது.”

கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. “உதை அங்க சொல்லியிருக்கலாமெல்லே!” என்று கத்தினேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவா கேக்கேல்லையே” என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் பூனைக் கதை இல்லை. வலையடித்த யன்னல்களால் வெயில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிலத்தில் விழும். அதைக் கூட்டும்போது எனக்குக் கோபம் வரும். வருகிற வீடியோவும் நின்றுவிட்டது. ஆனால் கனவு நிற்கவில்லை. இப்போது புகை வந்து யன்னலுக்கு வெளியே, வலைக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஒரு நாள் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்தப் பிள்ளை.

“அக்கா, கோவமோ?”

“கோவம்தான். சொல்லும்.”

“அண்ணா விட்டிட்டுப் போன பை இஞ்ச கிடக்கு. எறிய எடுத்தனான். உள்ள சாறம் வைச்சுத் தைச்சிருக்கு, ரெண்டு மடிப்பா. காத்துப் போக ஓட்டை எல்லாம் வெட்டி, ஓரம் கீறாமல் சுத்தித் தைச்சிருக்கு. ஆர் தைச்சது?”

எனக்குத் தெரியாது. அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அவர் வீட்டில் இடுப்பில் உடுக்கிற நீலச் சாறம், கழுவிக் கழுவிப் பஞ்சுபோல ஆனது, அவர் வேறு ஒருவருக்கும் தராதது, அங்கே இல்லை. நான் மத்தியானம் படுக்கிற நேரங்களில் மாட்டுக்கொட்டில் பக்கம் போய் இருந்துதான் தைத்திருக்க வேண்டும். என் தையல் பெட்டியில் ஊசி இடம் மாறியிருந்ததற்கு நான் எலியை ஏசியிருந்தேன்.

“அவர்தான்” என்றேன்.

“பூனையை எறியிற ஆள் மெத்தை தைக்காது அக்கா. நான்தான் அவசரப்பட்டிட்டன். குட்டி இப்ப அதுக்குள்ளதான் படுக்குது, வெளிய வருதில்லை. நான் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முல்லைத்தீவில எங்கட காணி பாக்கப் போறன். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோ. குட்டியையும் கொண்டு என்ர காரிலேயே போவம். உங்கட வீட்டையும் ஒருக்காப் பாக்க வேணும்.”

விடமாட்டாள், பாருங்கள். மன்னிப்புக் கேட்கும்போதும் வீடு பார்க்க வேண்டும்.

அவளே கார் ஓட்டினாள். இவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. என் மடியில் கதவு வைத்த பிளாஸ்ரிக் கூடை, அதற்குள் மடித்த உரப்பை, அதன்மேல் குட்டி. கார் புறப்பட்டதும் என் கை தன்பாட்டில் சேலைத் தலைப்பை எடுத்துக் கூடையை மூடியது.

அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். “மூடாதேங்கோ அக்கா. பாக்கட்டும்.”

“வழி தெரிஞ்சிடும் பிள்ளை” என்றார் இவர், மெதுவாக. மறுபடியும் குட்டியைப் பறித்துவிடுவாளோ என்று கூடையை இறுக்கிப் பிடித்தேன்.

அவள் முன்னால் போன பஸ் ஒன்றை முந்தி எடுத்தாள். பிறகு சொன்னாள்.

“எங்கட முஸ்லிம் சனத்தை முல்லைத்தீவை விட்டு வெளிக்கிடச் சொல்லேக்க நான் சின்னப் பிள்ளை அண்ணா. எங்கட பூனையைக் கொண்டுபோக எண்டு பையில போட்டுக் கட்டி வைச்சிருந்தனான். வாப்பா இடமில்லை எண்டிட்டார். அவிழ்த்து விட்டிட்டு ஏறினன். அது மதில்ல இருந்து பாத்துக்கொண்டே இருந்தது. நான் உம்மாவின்ர மடியில முகத்தை வைச்சுக்கொண்டு படுத்திட்டன். ஒரு வழியும் பாக்கேல்லை. ஆனா எத்தினையோ வருசம் கழிச்சு வந்தனாங்கள்தானே. மதில் இல்லை, பூனையும் இல்லை. காணி எது எண்டு எனக்குத் தெரிஞ்சது.”

ஏ9 றோட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காட்டு மரங்கள், இடையிடையே ஒளி. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களையும் சண்டையின்ர கடைசியில எந்தப் பக்கம் போறம் எண்டு தெரியாமல்தான் பஸ்ஸில ஏத்தினவங்கள்” என்றார். “முகாமால விட்ட உடன நான் நேர வாய்க்கால் கட்டுக்குத்தான் வந்தனான். ஒருத்தரையும் வழி கேக்கேல்லை.”

சொல்லிவிட்டுத் திரும்பி, கையை நீட்டி, கூடையின் மேலிருந்த என் சேலைத் தலைப்பை எடுத்துவிட்டார். குட்டி தலையைத் தூக்கியது. செம்பு நிறக் கண்ணுக்குள் மரங்கள் ஓடின. நான் குனிந்து அந்தக் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் றோட்டை நான் அவ்வளவு வடிவாக ஒருநாளும் கண்டதில்லை.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்பதுபோல நாங்களும் நின்றோம். அவர் இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அந்தப் பிள்ளையும் நானும் காருக்குள் இருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்றோம். “அண்ணா நெடுநேரம் கும்பிடுறார்” என்றாள். “வாயால கேக்கத் தெரியாத மனிசன், அங்கயாவது கேக்கட்டும்” என்றேன்.

வீட்டில் அவள் ஒவ்வொரு வலையையும் கையால் இழுத்துப் பார்த்தாள். பலகையின் உருட்டிய மூலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். கதவடியில் மட்டும் நின்றாள்.

“இதுதான் பயமா இருக்கு. இஞ்ச ஒருத்தரும் பகலில கதவு சாத்துறேல்லைப் போல.”

உண்மைதான். விடியத் திறந்தால் விளக்கு வைக்கும்வரை திறந்துதான் கிடக்கும். எங்கள் யூனிற் முழுக்க அப்படித்தான். இனிச் சாத்துவோம் என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. அவள் போகும்போது வாசல் படலையடியில் முக்காட்டால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

குட்டி அலுமாரிக்குக் கீழே போனது. உரப்பையை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் படுத்தது. நாங்கள் பெயர் வைக்கவில்லை. வீட்டில் “அவா” என்றால் அதுதான். அவா சாப்பிட்டாவோ, அவா படுத்திட்டாவோ. நான் சாப்பிட்டேனோ என்றுகூட இவர் அப்படிக் கேட்டதில்லை. காலையில் நான் வாரிவிடுவேன், கூட்டிய மயிர் காற்றில் எழும்பி வெயில் கட்டங்களுக்குள் மிதக்கும். எல்லாம் நடந்தது. ஆனால் அவர் பொருத்திய பலகையில் அது ஒருநாளும் ஏறவில்லை. றோட்டைப் பார்க்கவில்லை. “யன்னலில ஏறினாவோ?” என்று வவுனியாவிலிருந்து கேள்வி வரும். “இல்லை.” “பொறுங்கோ அக்கா.” எங்கள் வீடு அதற்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். இருக்கிறது, ஆனால் வந்து சேரவில்லை. மூன்றின் கதைதான் நான்காவதுக்கும் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

பிறகு அடுத்த கிளினிக் வந்தது. முழுநாளும் வெளியே. கண்ணுக்கு மருந்து, வெளிச்சம், அவர் கை. பஸ்ஸால் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்து வரும்போது பின்னேரம். அன்று நல்ல மழை பெய்து விட்டிருந்தது. எனக்கு எல்லாம் வெள்ளையாக, ஓரமில்லாமல், தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது.

படலையடியில் அவர் திடீரென்று நின்றார். என் கையைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது.

“என்ன?”

அவர் ஓரடி முன்னுக்கு வைத்து மறுபடி நின்றார்.

“என்னப்பா? வாயைத் திறவுங்கோவன்!”

“கதவு திறந்து கிடக்கு.”

மழைக்கு ஊறிய கதவு. கொளுக்கி விலகியிருக்கிறது, காற்று தள்ளியிருக்கிறது. காலையிலிருந்தோ, மத்தியானத்திலிருந்தோ, ஆருக்குத் தெரியும். எனக்குக் கதவும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை, ஒரு வெள்ளை மட்டும் தெரிந்தது. தட்டு எங்கே, மீன் இருக்கிறதோ, கட்டின் எந்தப் பக்கம் முதலில் போவது என்றெல்லாம் மனம் ஓடியது. கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டுப் பழகிய வாய்.

“பொறும்” என்றார். “யன்னலைப் பாரும்.”

“எனக்கு என்ன தெரியுது!”

அவர் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துத் திருப்பினார். வெள்ளைக்குள் ஓரிடத்தில் புகை நின்றது. எழும்பவும் இல்லை, கலையவும் இல்லை. நடுவில் செம்பு நிறத்தில் இரண்டு வட்டங்கள். பலகையில் இருந்து, றோட்டைப் பார்த்துக்கொண்டு.

“போகப் பாக்கிறாவோ?” என்று கேட்டேன்.

“போறதெண்டால் கதவால போயிருப்பா. எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறா.”

எங்கள் குரல் கேட்டதும் புகை யன்னலை விட்டு மறைந்தது. தொப்பென்று நிலத்தில் குதிக்கிற சத்தம். திறந்த கதவின் நடுவில், நிலைப்படியில் வந்து நின்றது. படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. அப்படி ஒரு கத்தல், அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து! எங்கே போனீர்கள், இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள், கதவைச் சாத்த ஒருவருக்கும் தெரியாதா என்று மூச்சு விடாமல் ஏசியது. பக்கத்து வளவில் ஆரோ சிரித்தார்கள்.

“உம்மட வாய்தான்” என்றார் என் மனிசன்.

நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவா வழிவிட்டு நின்று, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே வந்த பிறகுதான் கத்துவதை நிறுத்தினா.